கணுக்கால் தேய்மானம்: இணைப்பதா, மாற்றுவதா, அதற்கு முன் என்ன செய்யலாம்?

கேள்வி: நாங்கள் நகரி பக்கம். எங்கள் நைனாவுக்கு 57 வயது, விசைத்தறி ஓட்டுகிறார். 14 வருடத்துக்கு முன் வண்டியில் இருந்து விழுந்து வலது கணுக்கால் உடைந்தது. நாட்டுக் கட்டு போட்டு ஆறிவிட்டது. இரண்டு வருடமாக நின்றாலே வலி, வீக்கம். பாதம் உள்பக்கமாகச் சாய்ந்துகொண்டே வருகிறது. சர்க்கரை உண்டு, பீடியும் உண்டு. சென்னையில் ஒரு டாக்டர் மூட்டை மாற்றலாம் என்கிறார். திருப்பதியில் ஒருவர் ஃபியூஷன், அதாவது மூட்டை இணைத்துவிடுவதே நல்லது என்கிறார். சொந்தக்காரர்கள் ரத்தத்தில் இருந்து பிரித்துப் போடும் பிஆர்பி ஊசி போதும் என்கிறார்கள். இணைத்துவிட்டால் நொண்டியாகிவிடுவாரா? திருத்தணி படி ஏறுவாரா? எதைச் செய்வது?

பதில்:

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், உங்கள் நைனாவுக்கு மாற்றுவதைவிட இணைப்பதே பொருந்தும் என்பது என் கணிப்பு. படம் பார்க்காமல், காலைத் தொட்டுப் பார்க்காமல் சொல்கிற கணிப்பு என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக, எந்த ஆபரேஷன் என்று குழம்புவதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய பல விஷயங்கள் இன்னும் செய்யப்படவே இல்லை என்று தோன்றுகிறது.

திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர் என்று தமிழ்நாடு-ஆந்திர எல்லையின் இரண்டு பக்கத்து ஆட்களின் எலும்பையும் பார்த்தே என் தொழில் ஓடியிருக்கிறது. வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் முழங்காலை வைத்துத்தான் கணுக்காலை எடைபோடுகிறார்கள். "பக்கத்து வீட்டம்மா முட்டி மாத்திக்கிட்டு ஜம்முனு நடக்குறாங்களே, அதே மாதிரி இதையும் மாத்திடுங்க சார்" என்பார்கள். இரண்டும் மூட்டுதான். ஆனால் கெட்டுப்போகும் காரணமும் வேறு, சரிசெய்யும் கணக்கும் வேறு.

முழங்காலும் இடுப்பும் பெரும்பாலும் வயதோடு தேய்கின்றன. கணுக்கால் அப்படித் தானாகத் தேய்வது அபூர்வம். கணுக்கால் தேய்மானத்தோடு வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு எப்போதோ அங்கே அடிபட்டிருக்கும்: எலும்பு முறிவு, அல்லது திரும்பத் திரும்பச் சுளுக்கி ஜவ்வு தளர்ந்துபோனது. மீதிப் பேரில் முடக்குவாதம், யூரிக் அமிலம், ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா, பழைய சீழ்த் தொற்று, காசநோய் என்று காரணங்கள் பிரியும். இதனால் கணுக்கால் நோயாளிகள் முழங்கால் நோயாளிகளைவிடப் பத்து, பதினைந்து வயது இளையவர்களாக இருப்பது சகஜம். இன்னும் பல வருடம் உழைக்க வேண்டிய ஆட்கள். சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்கக் கூடாது.

அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். கீழ்க்காலின் இரண்டு எலும்புகளான டிபியாவும் ஃபிபுலாவும் கீழே வந்து ஒரு பள்ளம் அமைக்கின்றன. நாம் மொளி என்று சொல்லும் இரண்டு பக்கத்துத் துருத்தல்களும் அந்தப் பள்ளத்தின் சுவர்கள். அதற்குள் டேலஸ் என்ற எலும்பு, தச்சர் துளையில் இறக்கிய கழுந்து போல இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. இந்த இறுக்கம்தான் கணுக்காலின் பலம். அங்கே இருக்கும் குருத்தெலும்பின் தடிமன் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர்தான். முழங்காலில் சில இடங்களில் ஐந்தாறு மில்லிமீட்டர் வரை உண்டு. எலும்போடு எலும்பு தொடும் பரப்பும் முழங்காலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் நடக்கும்போது உடல் எடையின் நான்கைந்து மடங்கு சுமை அதன் மேல் இறங்குகிறது. இவ்வளவு சின்ன இடத்தில், இவ்வளவு மெல்லிய குருத்தெலும்பு ஆயுள் முழுக்கத் தாங்குவதற்குக் காரணம் அந்தப் பொருத்தம்தான். 1976-ல் ராம்சி, ஹாமில்டன் என்ற இருவர் செய்த ஆய்வு எலும்பு மருத்துவம் படிக்கிற எல்லோருக்கும் பாடம்: டேலஸ் வெளிப்பக்கமாக ஒரே ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் தொடும் பரப்பு 42 சதவீதம் குறைந்துவிடுகிறது. மிச்சமிருக்கிற இடம் அத்தனை சுமையையும் வாங்கி, வருடக்கணக்கில் அரைபட்டுப்போகும்.

இங்கேதான் நாட்டுக் கட்டு விஷயம் வருகிறது. நம் பகுதியில் இதைப் பேசினால் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். முட்டை வெள்ளைக்கரு, பச்சிலைச் சாறு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் முறையை நான் கேலி செய்யவில்லை. சின்னப் பிள்ளைகளின் கை எலும்பு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தாலும் வளர வளர நேராகிவிடும்; அங்கே கட்டு வெற்றிதான். ஆனால் மூட்டுக்குள் ஓடும் முறிவு அப்படியில்லை. அங்கே மில்லிமீட்டர் கணக்கு. வெளியில் இருந்து கையால் தடவி, எக்ஸ்ரே இல்லாமல், அந்தப் பொருத்தத்தைத் திரும்பக் கொண்டுவருவது யாராலும் முடியாது. எலும்பு சேர்ந்துவிடும், வலி போய்விடும், ஆள் நடந்துவிடுவார், கட்டு போட்டவருக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடும். பத்து, பதினைந்து வருடம் கழித்துத்தான் பில் வரும். இதற்காக உங்கள் நைனாவைக் குறை சொல்லாதீர்கள். முறையாக பிளேட், ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் செய்தவர்களுக்கும் அடிபட்ட நேரத்திலேயே குருத்தெலும்பு நசுங்கியிருந்தால் தேய்மானம் வரத்தான் செய்கிறது.

இப்போது வலி எங்கிருந்து வருகிறது என்பதை உறுதி செய்ய வேண்டும். 'கணுக்கால் வலி' என்று வருகிற எல்லோருக்கும் கணுக்கால் மூட்டில் வலி இருப்பதில்லை. டேலஸுக்குக் கீழே, அதற்கும் குதிகால் எலும்புக்கும் நடுவில் சப்டேலார் என்ற இன்னொரு மூட்டு இருக்கிறது. பாதத்தை மேலும் கீழும் அசைப்பது கணுக்கால் மூட்டு. உள்ளும் புறமும் சாய்ப்பது சப்டேலார். மேடுபள்ளத்தில், கருங்கல் ஜல்லியில் நடந்தால் மட்டும் வலி அதிகம் என்றால் என் சந்தேகம் கீழ் மூட்டின் மேல் போகும். படி இறங்கும்போது முன்பக்கம் குத்துகிறது என்றால் மேல் மூட்டு.

எக்ஸ்ரே எடுக்கும்போது நின்றுகொண்டு எடுக்கச் சொல்லுங்கள். படுக்கவைத்து எடுத்த படத்தில் இடைவெளி இருப்பது போலத் தெரியும். எடை ஏறினால்தான் எலும்போடு எலும்பு உரசுவதும் சாய்வும் தெரியும். என்னிடம் வரும் படங்களில் பாதி படுத்து எடுத்ததாகவே இருக்கின்றன, திரும்ப எடுக்க வேண்டியதாகிறது. குதிகாலின் சாய்வைக் காட்டும் தனிப் படம் ஒன்றும் வேண்டும். எந்த மூட்டு என்று சந்தேகம் தீரவில்லை என்றால், எக்ஸ்ரே திரையிலோ ஸ்கேனிலோ பார்த்துக்கொண்டே கணுக்கால் மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தி, உடனே நடக்கவிட்டுப் பார்க்கலாம். அடுத்த சில மணி நேரம் வலி அடங்கினால் குற்றவாளி அந்த மூட்டுதான். சிலருக்கு இரண்டு மூட்டுக்கும் நடுவே உள்ளுக்குள் வழி இருந்து, மருந்து கீழ் மூட்டுக்கும் போய்விடும் என்பதால் இதுவும் நூற்றுக்கு நூறு இல்லை. ஆனாலும் மலிவான, உபயோகமான சோதனை.

சர்க்கரை இருப்பதால் ஒரு எச்சரிக்கை. பாதமும் கணுக்காலும் திடீரென்று வீங்கி, சிவந்து, தொட்டால் சுட்டு, ஆனால் அந்த அளவுக்கு வலி இல்லாமல் இருந்தால் அது சாதாரணத் தேய்மானம் இல்லை. நரம்பு மரத்துப்போனவர்களுக்கு வரும் ஷார்கோ பாதமாக இருக்கலாம். அதில் நடக்க நடக்க எலும்பு நொறுங்கும். அன்றைக்கே காலைத் தரையில் ஊன்றாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உங்கள் நைனாவின் பாத உணர்வை மோனோஃபிலமென்ட் என்ற மெல்லிய நைலான் இழையால் ஒரு முறை சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. கால் நாடியும் பார்க்க வேண்டும். உணர்வும் ரத்த ஓட்டமும் எப்படி என்று தெரியாமல் ஆபரேஷன் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

கத்தி வைக்காத வழிகளில் எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது செருப்பில். சிரிப்பு வரலாம். தறி ஓட்டுகிற பெரும்பாலானவர்கள் சிமென்ட் தரையில் வெறுங்காலில், அல்லது தேய்ந்துபோன ரப்பர் செருப்பில், பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். கணுக்கால் மடங்குவதால்தான் வலிக்கிறது என்றால், மடங்காமலே பாதம் உருண்டு முன்னே போக வழி செய்ய வேண்டும். அடிப்பாகம் முன்னும் பின்னும் வளைந்த ராக்கர் சோல் அதைத்தான் செய்கிறது. குதிகாலில் மெத்தென்ற ரப்பரும் சேர்த்தால் ஒவ்வொரு அடியின் அதிர்வும் குறையும். அதோடு கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும், லேஸ் கட்டும் தோல் உறை அல்லது காலின் பின்புறமாகப் பாதத்தின் அடிவரை வரும் பிளாஸ்டிக் பிரேஸ். இரண்டையும் சேர்த்து மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டவர்களில் கணிசமானவர்கள் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். கடையில் விற்கும் இழுவை ரப்பர் உறை சூடு தரும், தைரியம் தரும், அசைவைத் தடுக்காது. அளவெடுத்துச் செய்யும் இடத்துக்குப் போங்கள்: பெரிய மருத்துவமனைகளின் செயற்கை அவயவப் பிரிவு, அல்லது வேலூர் சிஎம்சி போன்ற இடங்களின் மறுவாழ்வுத் துறை. சர்க்கரைக்காரர் என்பதால் உள்ளே எம்சிஆர் என்ற மெத்தென்ற ரப்பர் வைக்கச் சொல்லுங்கள். ராத்திரி கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த பிரேஸே ஒரு பரீட்சையும்தான். மூட்டை அசையவிடாமல் கட்டியதும் வலி நன்றாகக் குறைகிறது என்றால், இணைப்பு ஆபரேஷனும் உதவும் என்று ஓரளவு முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். நைனாவுக்கும் 'அசையாத கணுக்காலோடு வாழ்வது எப்படி இருக்கும்' என்று தெரிந்துவிடும். அதைப் போட்டுக்கொண்டு தறி ஓட்டட்டும், சைக்கிள் மிதிக்கட்டும், கோயிலுக்குப் போய்வரட்டும். ஆபரேஷன் டேபிளில் படுப்பதற்கு முன் கிடைக்கிற ஒரே ஒத்திகை இது.

கைத்தடி என்றால் மானப் பிரச்சினையாகிவிடுகிறது. வலது கால் வலிக்கு இடது கையில் பிடிக்க வேண்டும். பாதிப்பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள். எடை ஐந்து கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் இருபது கிலோவுக்கு மேல் சுமை குறையும். தறி ஷெட்டில் நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் பாய் போடச் சொல்லுங்கள், நடுநடுவே உட்கார ஒரு உயரமான ஸ்டூல். உடற்பயிற்சியில் சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை நீட்டுவது, ரப்பர் பட்டையை நாலு திசையிலும் பாதத்தால் இழுப்பது, பிடிமானத்தோடு ஒற்றைக் காலில் நிற்பது ஆகிய மூன்றும் போதும். இழந்த குருத்தெலும்பு திரும்பாது. சுற்றியுள்ள தசை பலமானால் மூட்டு தள்ளாடாது. யாராவது கணுக்காலைப் பிடித்துத் திருகி 'சரி செய்ய' வந்தால் விடாதீர்கள்.

மாத்திரையில் எனக்கு உள்ள பெரிய கவலை மருந்துக்கடை செட் மாத்திரை. வலி என்றதும் மூன்று நாலு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்களே, அதில் பல நேரம் ஸ்டீராய்டு இருக்கும். அதனால்தான் அவ்வளவு சுகம். சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், தொற்று வரும். டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகளைத் தினமும் விழுங்கினால் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கேடு. சர்க்கரைக்காரருக்கு இன்னும் கூடுதல். சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் நீண்ட நாள் கொடுக்கக் கூடாது. முதலில் தோலில் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல். கணுக்கால் தோலுக்கு அருகில் இருக்கும் மூட்டு என்பதால் ஜெல்லை முயன்று பார்ப்பது நியாயம். தேவைப்பட்டால் பாராசிட்டமால், ஒரு நாளைக்கு மூன்று கிராமுக்குள். வலி தாங்காத நாட்களில் மட்டும் டைக்ளோஃபினாக் மாத்திரை.

ஊசிகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஸ்டீராய்டு ஊசி மூட்டுக்குள் சரியாக விழுந்தால் சில வாரம், சிலருக்குச் சில மாதம் நிம்மதி தரும். வீட்டில் கல்யாணம், தள்ளிப்போட முடியாத வேலை என்றால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. சர்க்கரை சில நாள் எகிறும் என்பதால் அளவு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆபரேஷன் முடிவாகிவிட்டால் அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் இந்த ஊசி கூடாது, தொற்று அபாயம் கூடுகிறது. பிஆர்பி விஷயத்தில் நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. நெதர்லாந்தில் கணுக்கால் தேய்மானம் உள்ள 100 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு பிஆர்பி, பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீர் என்று யாருக்கு எது என்றே தெரியாமல் போட்டார்கள். 2021-ல் வெளியானது. 26 வாரம் பார்த்ததில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. உப்புநீர்க்காரர்களுக்கும் வலி குறைந்தது என்பதுதான் வேடிக்கை. 'எனக்கு பிஆர்பி போட்டுச் சரியாச்சு' என்று உங்கள் சொந்தக்காரர் சொல்வது பொய்யில்லை; ஆனால் அந்த ஊசிக்குக் கொடுத்த பணம் செருப்புக்கும் பிரேஸுக்கும் போயிருந்தால் எனக்குச் சந்தோஷம். ஜெல் ஊசி என்கிற ஹயலுரானிக் அமிலத்துக்கும் கணுக்காலில் உறுதியான ஆதாரம் கிடையாது.

இத்தனையும் மூன்று முதல் ஆறு மாதம் முறையாகச் செய்தும், வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, வேலை செய்ய முடியவில்லை என்றால் அறுவை சிகிச்சை. அவசரம் ஒன்றும் இல்லை, இது உயிர் காக்கும் ஆபரேஷன் அல்ல. ஆனால் பாதம் சாய்ந்துகொண்டே போவதை வருடக்கணக்கில் விட்டுவைக்கவும் கூடாது. சாய்வு கூடக் கூடக் கீழ் மூட்டும் கெடும், எந்த ஆபரேஷனும் கடினமாகும்.

மூட்டைக் காப்பாற்றும் ஆபரேஷன்கள் சில உண்டு. முன்பக்கத்தில் முள் போல எலும்பு வளர்ந்து தட்டுகிறது, மற்றபடி மூட்டு நன்றாக இருக்கிறது என்றால் சின்னத் துளையில் கேமராக் குழாய் விட்டுச் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி வழியாக அதைச் சீவி எடுக்கலாம். மூட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, மறுபக்கம் நல்ல குருத்தெலும்பு மிச்சமிருந்தால், கணுக்காலுக்குச் சற்று மேலே டிபியாவை வெட்டி, சாய்வை நிமிர்த்தி, சுமையை நல்ல பக்கத்துக்கு மாற்றலாம். ஜப்பானின் தகாகுராவும் அவருடைய சகாக்களும் இதில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். உங்கள் நைனா பத்து வருடம் முன்பு வந்திருந்தால் நான் இதைத்தான் முதலில் யோசித்திருப்பேன். இப்போதும் நின்று எடுத்த படத்தில் வெளிப்பக்க இடைவெளி நன்றாக இருந்தால் கேட்டுப் பாருங்கள். மூட்டு முழுக்கத் தேய்ந்தபின் 'உள்ளே கழுவி விடுகிறோம்' என்பது செலவுதான்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. மூட்டு இணைப்பு பழைய ஆபரேஷன். ஆஸ்திரியாவில் ஆல்பர்ட் என்ற மருத்துவர் 1879-லேயே செய்தார். தேய்ந்த குருத்தெலும்பு மிச்சத்தை முழுக்கச் சுரண்டி எடுத்து, டிபியாவையும் டேலஸையும் நேரடியாக ஒட்டவைத்து, இரண்டு மூன்று பெரிய ஸ்க்ரூவோ பிளேட்டோ போட்டு இறுக்குவது. எலும்பு முறிவு சேர்வது போலவே இரண்டும் ஒன்றாகிவிடும். அசைவு இல்லை, அதனால் அந்த மூட்டில் வலியும் இல்லை. சரியான கோணத்தில் இணைப்பதுதான் மொத்தக் கலையும்: பாதம் காலுக்கு நேர் செங்கோணத்தில், குதிகால் இம்மியளவு வெளிச்சாய்வில், பாதத்தின் முனை மறுகாலைப் போலவே சற்று வெளியே பார்த்து. பாதம் கீழ்நோக்கி இருக்கும்படி இணைத்துவிட்டால் ஆயுசுக்கும் முழங்கால் பின்னோக்கி வளைந்து அடிபடும்.

நொண்டியாகிவிடுவாரா? சமதளத்தில், நல்ல செருப்போடு, சரியாக இணைந்த கணுக்கால்காரர் நடந்து போனால் தெரியாதவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. இப்போது அவர் நொண்டுவது வலியாலும் சாய்வாலும். நடுப்பாதத்து மூட்டுகள் கொஞ்சம் கூடுதலாக அசைந்து ஈடுகட்டும். ஆனால் இழப்பு இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். குந்தி உட்கார முடியாது. மேற்கத்தியக் கழிவறையை ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் வைத்துவிடுங்கள். வெறுங்காலில் நடந்தால் கட்டை போல உணர்வார். வேகமாக ஓடுவது இல்லை. மலைச்சரிவு சிரமம். கார் ஓட்டுகிறவராக இருந்தால் வலது கால் என்பதால் பிரேக் மிதிப்பது தனியாக யோசிக்க வேண்டிய விஷயம். திருத்தணியின் 365 படியும் ஏறலாம், முழுப் பாதத்தையும் படியில் வைத்து, கைப்பிடியைப் பிடித்து. இறங்குவதுதான் கஷ்டம், ஒவ்வொரு படியாக, இணைத்த காலை முதலில் இறக்கி வர வேண்டும். மேலே வரை வண்டிப் பாதை இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் காவடியோடு இறங்குவதை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

இணைப்பின் உண்மையான குறைகள் இரண்டு. ஒன்று, எலும்பு சேராமல் போவது; நூறில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு. புகைப்பவர்களுக்கு இது பல மடங்கு. இரண்டு, பக்கத்து மூட்டுகள். அமெரிக்காவின் அயோவாவில் இணைப்பு செய்த 23 பேரைச் சராசரியாக 22 வருடம் கழித்துப் பார்த்து 2001-ல் எழுதினார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதே பாதத்தின் மற்ற மூட்டுகளில் தேய்மானம் வந்திருந்தது. கணுக்காலின் வேலையை அவை இத்தனை வருடம் சேர்த்துச் செய்தன அல்லவா. 30 வயதுக்காரருக்கு இதைப் பெரிதாகச் சொல்வேன். 57-ல் கொஞ்சம் மென்மையாக.

மூட்டு மாற்று இந்தக் குறையைத் தீர்க்க வந்தது. பிரான்சில் லார்ட், மரோத் இருவரும் 1970-களின் தொடக்கத்தில் இடுப்பு மூட்டுக் கருவியைத் தலைகீழாக்கியது போன்ற ஒன்றைப் பொருத்தினார்கள். 25-ல் 12 தோற்றன. அதன்பின் பல தலைமுறைகள் மாறி, இன்றைய கருவிகள் எவ்வளவோ மேல். டிபியாவின் அடியில் ஒரு உலோகத் தகடு, டேலஸின் மேல் ஒரு உலோகத் தொப்பி, நடுவில் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக். பத்து வருடத்தில் நூறில் எண்பது முதல் தொண்ணூறு மூட்டுகள் நிலைத்திருக்கின்றன. முழங்காலில் அது தொண்ணூற்றைந்துக்குப் பக்கத்தில். தளர்ந்துபோனால் திரும்பச் செய்வது கணுக்காலில் கடினம். டேலஸ் சின்ன எலும்பு, அதில் வெட்டி எடுத்தது போக மிச்சம் குறைவு. கடைசியில் எலும்பு ஒட்டு வைத்து இணைப்புக்கே வர வேண்டியிருக்கும். மாற்றியவர்கள் நன்றாகக் குந்துவார்கள் என்பதும் தவறான எதிர்பார்ப்பு. கிடைப்பது மிதமான அசைவு. நடையும் சரிவு ஏறுவதும் இயல்பாக இருக்கும்.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய நல்ல சோதனை பிரிட்டனில் நடந்தது. 17 மருத்துவமனைகள், 50 முதல் 85 வயது வரை 303 பேர், யாருக்கு எந்த ஆபரேஷன் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். 2022-ல் வெளியான முடிவு: ஒரு வருடம் கழித்து நடப்பது, நிற்பது ஆகியவற்றில் இரண்டு பக்கமுமே நன்கு முன்னேறியிருந்தார்கள், இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் நிச்சயமாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. மாற்றியவர்களுக்குக் காயம் ஆறுவதில் சிக்கல் கூடுதல். இணைத்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு எலும்பு சேராமல் தொந்தரவு. ஆக, 'புதுசு, அதனால் உசத்தி' என்பதும் இல்லை, 'இணைப்பு என்றால் தோல்வி' என்பதும் இல்லை. ஆள் யார், கால் எப்படி என்பதுதான்.

யாருக்கு நான் மாற்றச் சொல்வேன்? அறுபதைத் தாண்டியவர், கனமான உடலுழைப்பு இல்லாதவர், எடை அளவானவர், பாதம் நேராக இருப்பவர். கீழ் மூட்டு ஏற்கனவே கெட்டிருந்தால் மாற்றுவதற்கு இன்னும் பலமான காரணம். முடக்குவாதத்தால் இரண்டு கணுக்காலும் போன அம்மாவுக்கு இரண்டையும் இணைத்தால் நாற்காலியில் இருந்து எழுவதே பாடு. அங்கே ஒன்றையாவது மாற்ற முயல்வேன். உங்கள் நைனாவைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளில் எல்லாம் எதிர்ப்பக்கம்: 57 வயது, நின்று செய்யும் வேலை, சர்க்கரை, பீடி, சாய்ந்த பாதம். கணுக்காலின் முன்பக்கத் தோல் மெல்லியது, சர்க்கரையும் பீடியும் சேர்ந்தால் மாற்று ஆபரேஷனின் காயம் பிரிந்து, உள்ளே உலோகம் தெரியும் நிலைகூட வரலாம். பாத நரம்பு மரத்திருப்பது உறுதியானால் மாற்று கிடையவே கிடையாது. மறுபக்கம், சிமென்ட் தரையில் தறிக்குத் தறி நடக்கும் வேலைக்கு இணைத்த கால் நன்றாகவே ஈடுகொடுக்கும். சென்னை டாக்டர் தவறு என்று சொல்லவில்லை. அவர் படத்தில் எனக்குத் தெரியாத ஏதோ பார்த்திருக்கலாம். அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தச் சாய்வை எப்படி நிமிர்த்துவீர்கள், இதுவரை எத்தனை கணுக்கால் மாற்றியிருக்கிறீர்கள். முழங்கால் எத்தனை என்பது இங்கே பதில் ஆகாது.

பீடி பற்றிக் கண்டிப்பாக ஒன்று. ஆபரேஷனுக்கு ஆறு வாரம் முன்பு நிறுத்தி, எலும்பு சேர்ந்துவிட்டது என்று படம் சொல்லும் வரை தொடக் கூடாது. நிறுத்த முடியவில்லை என்றால் தேதியைத் தள்ளுங்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரையை (HbA1c) எட்டுக்குக் கீழே, முடிந்தால் ஏழரைக்குக் கீழே கொண்டுவாருங்கள். வைட்டமின் டி பார்த்துக் குறைவென்றால் நிரப்புங்கள்.

செலவு விஷயத்தில் எல்லைக்காரர்களுக்கு ஒரு தலைவலி. 1960-ல் கோடு மாறியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திராவில் நின்றன. பேச்சு தமிழ், பெண் கொடுத்து எடுப்பது இந்தப் பக்கம், ரேஷன் கார்டு அந்தப் பக்கம். தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீடு இங்கத்திய குடும்ப அட்டைக்குத்தான். உங்களுக்கு ஆந்திர அட்டை என்றால், ஆரோக்யஸ்ரீ என்று பழகிப்போன, இப்போது என்.டி.ஆர். வைத்ய சேவை என்கிற திட்டத்தில் கேட்க வேண்டும். திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் பர்டு எலும்பு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். திட்டத்தில் இணைப்பு உண்டா, ஸ்க்ரூவுக்குத் தனியாகப் பணமா, பிரேஸும் செருப்பும் சேருமா என்பதை அங்குள்ள உதவி மேசையில் முன்னமே கேட்டுவிடுங்கள்.

ஆபரேஷன் முடிந்தபின் சுமார் ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது, மாவுக்கட்டு, வாக்கர். அடுத்த ஆறு வாரம் நடைபூட்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக எடை. சர்க்கரைக்காரர்களுக்கு இந்தக் கணக்கை நான் இன்னும் நீட்டுவேன். தறிக்குத் திரும்ப நான்கு மாதமாவது ஆகும் என்று முதலாளியிடம் இப்போதே பேசிவிடுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் அதையும். பாதியில் போய் நின்றால் எலும்பு சேராது. மாவுக்கட்டு போட்டிருக்கும்போது கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ ரத்தக் கட்டி என்று நினைத்து அன்றைக்கே, ராத்திரியானாலும், கேஷுவாலிட்டிக்குக் கூட்டிப் போங்கள். கட்டுக்குள் நாற்றம், காய்ச்சல், காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவது இதில் எது வந்தாலும் அடுத்த ரிவ்யூ தேதி வரை காத்திருக்க வேண்டாம். கட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.